குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு ரப்பர் தரை... கலர் பார்த்து வாங்கலாமா?

சறுக்குமரத்தின் உச்சியில் நின்ற ஐந்து வயதுப் பையன், பின்னால் வந்தவன் தள்ளியதில் பக்கவாட்டில் விழுந்தான். கீழே பேவர் பிளாக். நெற்றியில் நான்கு தையல். அன்று இரவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப் கொதித்தது. "இத்தனை வருஷமா மெயின்டனன்ஸ் வாங்குறீங்க, குழந்தைங்க விளையாடுற இடத்துல ஒரு மேட் போட முடியாதா?" என்று ஒரு அம்மா கேட்க, மறுநாள் காலையிலேயே செயலாளர் மூன்று கொட்டேஷன்களைக் குரூப்பில் போட்டார். நீலம், சிவப்பு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் படங்கள். "சிவப்பு வேண்டாம் சார், அழுக்கு தெரியும்." "நீலம் நல்லா இருக்கு." "எது விலை கம்மியோ அதையே போடுங்க." மாலைக்குள் வாக்கெடுப்பு முடிந்து, நீலம் ஜெயித்தது.

இந்தக் குடியிருப்பு கற்பனைதான். ஆனால், இப்படி ஒரு உரையாடல் நடக்காத அசோசியேஷன் இருக்க வாய்ப்பு குறைவு. ஒருவர்கூட, "அந்த சறுக்குமரம் எவ்வளவு உயரம்?" என்று கேட்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ரப்பர் தரை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

விழும் உயரம்தான் கணக்கு

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளையாட்டுத் தரைக்கு ஒரு சோதனை உண்டு. குழந்தையின் தலைக்குப் பதிலாக, உள்ளே அதிர்வை அளக்கும் கருவி வைத்த உலோகக் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தரையின் மேல் ஒரு அடியிலிருந்து, இரண்டு அடியிலிருந்து, நான்கு அடியிலிருந்து என்று உயரத்தைக் கூட்டிக்கொண்டே போய் விழவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த "தலை" எவ்வளவு வேகமாக நின்றது, எவ்வளவு நேரம் அதிர்ந்தது என்பதை வைத்து ஒரு எண் கிடைக்கும். அதற்கு எச்.ஐ.சி என்று பெயர். அந்த எண் 1000-ஐத் தொடும் உயரம் எதுவோ, அதுதான் அந்தத் தரையின் எல்லை. 'கிரிட்டிகல் ஃபால் ஹைட்' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். அமெரிக்கத் தரநிலையின் பெயர் ஏ.எஸ்.டி.எம் எஃப் 1292. ஐரோப்பாவுடையது இ.என் 1177.

இதை வீட்டு மொழியில் சொன்னால்: ஒரு ரப்பர் தரையின் எல்லை 4 அடி என்றால், அதன் மேல் 4 அடி உயரச் சாதனம்தான் வைக்கலாம். 7 அடி உயரத்தில் குழந்தை தொங்கும் மங்கி பாரை அதன் மேல் வைத்தால், ரப்பர் போட்ட திருப்தி மட்டும்தான் மிச்சம்.

1000 என்ற எண்ணுக்குக் கீழே இருந்தால் காயமே வராது என்று அர்த்தமில்லை. உயிருக்கு ஆபத்தான தலைக்காயத்தைத் தவிர்ப்பதற்கான கோடு அது. கையை ஊன்றி விழும்போது ஏற்படும் எலும்பு முறிவை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. விற்பனையாளர் "சார், இதுல விழுந்தா ஒண்ணுமே ஆகாது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே கொஞ்சம் உஷாராகிவிடலாம்.

சரி, உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? சறுக்குமரம் என்றால் குழந்தை நிற்கும் மேடையிலிருந்து தரை வரை. ஏறும் கம்பிகள், மங்கி பார் என்றால் உச்சிக் கம்பியிலிருந்து. "தொங்குறதுக்குத்தானே, மேலே யார் ஏறப்போறாங்க?" என்று கேட்பவர்கள், ஏழு வயதுப் பிள்ளைகளை ஒரு சாயங்காலம் பார்த்தால் போதும். ஊஞ்சலில் பலரும் தவறு செய்கிறார்கள். பலகையின் உயரத்தை அளக்கிறார்கள். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, சங்கிலி மாட்டியிருக்கும் மேல்கம்பியின் உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வீசி ஆடும் குழந்தை பறந்து விழுவது பலகை உயரத்திலிருந்து அல்லவே.

தரை எதுவரை போட வேண்டும்?

கொட்டேஷனில் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். சறுக்குமரத்துக்கு நேர் கீழே ஒரு சதுரம் போட்டுவிட்டு, சுற்றிலும் சிமென்ட்டை விட்டுவிடுவார்கள். குழந்தைகள் நேர் கீழே விழுவதில்லை. சாதனத்தின் எல்லாப் பக்கமும் குறைந்தது 6 அடிக்குப் பாதுகாப்பான தரை வேண்டும் என்கிறது அதே அமெரிக்கக் கையேடு. ஊஞ்சலுக்கு இன்னும் அதிகம். மேல்கம்பியின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு, முன்னாலும் வேண்டும், பின்னாலும் வேண்டும். கம்பி 8 அடியில் இருந்தால் முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி.

நம் கற்பனைக் குடியிருப்பில் இப்போது டேப் எடுத்து அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊஞ்சலுக்கு முன்னால் 9 அடியில் கார் பார்க்கிங் சுவர் வருகிறது. ரப்பர் போடுவதா வேண்டாமா என்ற பேச்சுக்கு முன்பே, ஊஞ்சல் அந்த இடத்தில் இருக்கவே கூடாது என்று தெரிந்துவிடுகிறது. "பத்து வருஷமா அங்கேதானே இருக்கு" என்று ஒருவர் சொல்லலாம். இருக்கிறதுதான்.

ஜிம் மேட்டும் ரப்பர்தான், ஆனால்...

கடையில் "ரப்பர் டைல்" என்று கேட்டால் வரும் பொருள்கள் பலவகை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்கான டைல், எடைக்கல்லைப் போட்டால் கிழியாமல் தாங்குவதற்காகத் துகள்களை நெருக்கி அழுத்திச் செய்தது. அந்தக் கெட்டித்தன்மைதான் குழந்தையின் தலைக்கு ஆகாது. விளையாட்டிடத்துக்கான டைல் அழுந்த வேண்டும். சிலவற்றின் அடிப்பக்கத்தில் கால்கள்போல் இடைவெளி விட்டு வார்த்திருப்பார்கள், அழுந்துவதற்காகவே. இரண்டுமே 25 மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். ஸ்கேல் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தடிமனைக் கேட்பதைவிடச் சோதனை ரிப்போர்ட்டைக் கேட்பது முக்கியம்.

அடுத்தது, இடத்திலேயே கலந்து ஊற்றும் வகை. இரண்டு அடுக்கு. அடியில் பழைய டயரைப் பொடித்த கறுப்புத் துகள். மேலே இ.பி.டி.எம் என்ற வண்ண ரப்பர் துகள். இரண்டையும் பாலியூரிதேன் பசையில் குழைத்து, கரணை வைத்துத் தேய்த்துவிடுவார்கள். அதிர்ச்சியை வாங்குவதில் பெரும்பங்கு அடியில் இருக்கும் கறுப்பு அடுக்குக்கு. அழகுக்கும் தேய்மானத்துக்கும் மேலடுக்கு. வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரிவது மேலடுக்கு மட்டும்தான் என்பதால், குறைக்க நினைப்பவர் எதைக் குறைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அடியடுக்கு போடும் நாளில் அசோசியேஷன் ஆள் ஒருவர் ஸ்கேலோடு பக்கத்தில் நிற்பது நல்லது. ஓரத்தில் மட்டும் அளக்காமல் நடுவிலும் அளக்க வேண்டும்.

இந்தப் பசை இறுகுவதற்குக் காற்றின் ஈரப்பதம் போதும். ஆனால், அடித்தளம் நனைந்திருந்தாலோ மழை பெய்தாலோ நுரைத்துப் பொங்கி, பிடிப்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு நடுவே "தீபாவளிக்குள்ள முடிச்சுக் குடுத்துடுறோம்" என்று அவசரப்படுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தை பிறக்கட்டும்.

மூன்றாவதாக, இப்போது எல்லா மழலையர் பள்ளிகளின் விளம்பரத்திலும் தெரிகிற செயற்கைப் புல். சிமென்ட் தரையின் மேல் அதை விரித்தால் பசுமையாக இருக்கும். அவ்வளவுதான். அடியில் அதிர்ச்சி தாங்கும் பேட் இல்லாமல் புல்லை மட்டும் ஒட்டினால், குழந்தை விழுவது சிமென்ட்டின் மேல்தான். வீட்டுக்குள் விரிக்கும் ஃபோம் பாய்களை வெளியில் போடுவதும் வீண். வெயிலில் சுருங்கி, மழையில் நகர்ந்து, அந்த இடைவெளியில் கால் இடறும்.

இயற்கைப் புல்? ஐரோப்பிய விதி 1 மீட்டர் உயரம் வரை அதை ஏற்கிறது. அமெரிக்கக் கையேடு புல்லையும் வெறும் மண்ணையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஊஞ்சலுக்குக் கீழே உள்ள புல்லின் கதி நமக்கே தெரியும், ஒரே மாதத்தில் வழுக்கை.

மே மாத மத்தியானம்

வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் மறந்துவிடும் விஷயம் நம் வெயில். ரப்பர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விளையாட்டிடங்களின் தரைச்சூட்டை அளந்த ஆய்வாளர்கள், நேரடி வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பரில் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் கண்டார்கள். அரிசோனா பாலைவன ஊர்தான். ஆனால் வேலூர்க்காரர்களும் திருச்சிக்காரர்களும் கத்திரி வெயிலில் அதை ரொம்ப தூரத்து ஊராக நினைக்க மாட்டார்கள்.

சின்னக் குழந்தைகளுக்குத் தோல் மெல்லியது. சுட்டவுடன் காலை எடுத்துக்கொள்ளும் வேகமும் குறைவு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை சூடான பரப்பில் விழுந்தால் எழுந்து நகரத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழும். கொப்புளம் வர அந்த நேரமே போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் விளையாடவே ஆரம்பிப்பார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

எனவே கலர் முக்கியமே இல்லையா என்றால், இந்த ஒரு இடத்தில் முக்கியம். அடர்நீலம், கறுப்பு, கருஞ்சிவப்பைவிட வெளிர் நிறங்கள் சூட்டைக் குறைவாக வாங்கும். ஆனாலும் நிறத்தை மாற்றுவதைவிட நிழலை உண்டாக்குவதில்தான் பெரிய வித்தியாசம் கிடைக்கும். மேற்குப் பக்கம் ஒரு வேம்போ புங்கனோ இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. மரம் வளரும் வரை நிழல்வலை. ரப்பருக்கு ஒதுக்கும் பணத்தில் வலைக்கும் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைக்காவிட்டால், பிறகு அது வரவே வராது. வலை இல்லாத இடத்தில், பிள்ளைகளை இறக்கிவிடுவதற்கு முன் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குத் தாங்கவில்லையென்றால் அவர்கள் காலுக்கும் தாங்காது.

பழைய டயர் பயம் நியாயமானதா?

"டயரை அரைச்சுப் போடுறாங்களாமே, கேன்சர் வருமாமே?" என்று யாராவது ஒருவர் ஃபார்வர்டு அனுப்பாமல் இருக்க மாட்டார். கேள்வி தவறானதல்ல. டயரில் கார்பன் பிளாக், துத்தநாகம், எண்ணெய்களிலிருந்து வரும் பி.ஏ.எச் என்ற வேதிப்பொருள்கள் எல்லாம் உண்டு. பி.ஏ.எச் வகையில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், செயற்கைப் புல் மைதானங்களில் நிரப்பும் துகள்களிலும் விளையாட்டிடங்களில் உதிரியாகக் கொட்டும் துகள்களிலும் குறிப்பிட்ட 8 பி.ஏ.எச்-களின் மொத்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

மறுபக்கம், டயர் துகள் நிரப்பிய செயற்கைப் புல் மைதானங்களை அமெரிக்க அரசு அமைப்புகள் 2016-ல் ஆராயத் தொடங்கின. 2024-ல் வந்த அதன் இறுதிப் பகுதி, துகளில் வேதிப்பொருள்கள் இருந்தாலும் விளையாடுபவர்களின் உடலுக்குள் போகும் அளவு குறைவாகவே இருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. அது புல் மைதானங்களைப் பற்றிய ஆய்வு. துகளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? உதிரித் துகள் வேண்டாம். நன்றாகப் பசையில் இறுகிய தரையாக இருக்கட்டும். மேலடுக்கு புதிய இ.பி.டி.எம் ரப்பரா, அல்லது டயர் துகளுக்குச் சாயம் பூசியதா என்று கேளுங்கள். சாயம் பூசியது மலிவு. தேயத் தேயக் கறுப்பு வெளியே வரும். மாதிரித் துண்டை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துகள் உதிர்ந்தால் பசையைக் குறைத்திருக்கிறார்கள். பி.ஏ.எச், ஈயம் ஆகியவற்றுக்கான ஆய்வக ரிப்போர்ட்டைக் கேட்பதும் தவறில்லை. விளையாடி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வைப்பது, அந்தத் தரையில் உட்கார வைத்துச் சாப்பாடு ஊட்டாமல் இருப்பது இரண்டும் செலவில்லாத காரியங்கள். இரண்டாவது, நிலாச்சோறு ஊட்டியே பழகிய நமக்குக் கொஞ்சம் கஷ்டம்.

மணலை மறந்துவிட்டோமே

ரப்பர் விற்பவர் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நல்ல மணல் இன்றைக்கும் மோசமான தரையல்ல. 9 அங்குல ஆழ மணல் 4 அடி உயரம் வரை போதும் என்கிறது அமெரிக்கக் கையேடு. மிதிபட்டு இறுகும் என்பதால் ஆரம்பத்தில் 12 அங்குலம் கொட்டச் சொல்கிறார்கள். கனடாவின் டொரன்டோ நகரப் பள்ளிகளில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், மரச்சில்லு போட்ட இடங்களைவிட மணல் போட்ட இடங்களில் குழந்தைகள் விழுந்து கை முறிவது வெகுவாகக் குறைந்திருந்தது.

சிக்கல் நம் ஊரில் வேறு மாதிரி. ஆற்று மணல் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதற்குப் பதிலாக எம்-சாண்ட் கொட்டலாமா என்றால் கூடாது. கட்டடத்தில் இறுகிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே உடைத்த கல்தூள் அது. உருண்டையான, தூசி இல்லாத, கழுவிய மணல்தான் விழும்போது விலகிக்கொடுக்கும். தினமும் கிளறிவிட ஆள் வேண்டும். இரவில் தார்ப்பாய் மூடாவிட்டால் தெருப்பூனைகளுக்கு அதுவே கழிப்பறை. சக்கர நாற்காலியில் வரும் குழந்தை மணலுக்குள் வர முடியாது என்பதும் பெரிய குறை; ரப்பர் தரைக்கு உள்ள நிஜமான பெருமை அங்கேதான். பேரனைத் தள்ளிவிட வரும் பாட்டிக்கும் அது சௌகரியம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. உயரத்தையே குறைத்துவிடுவது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 7 அடி கம்பி எதற்கு? மண்மேடு ஒன்றைக் குவித்து, அதன் சரிவில் சறுக்குமரத்தைப் படுக்க வைத்துவிட்டால், சறுக்கும் தூரம் அப்படியே இருக்கும், விழும் உயரம் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். ஏணிகூட வேண்டாம். மேட்டில் ஓடி ஏறுவதே பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு.

கொட்டேஷன் கேட்கும்போது

இப்போது அந்தக் குடியிருப்பின் செயலாளர், மூன்று விற்பனையாளர்களுக்கும் மறுபடி ஒரு மெசேஜ் அனுப்புகிறார். "எங்கள் சாதனங்களில் அதிகபட்ச விழும் உயரம் 6 அடி. அதற்குப் போதுமான கிரிட்டிகல் ஃபால் ஹைட் சோதனை ரிப்போர்ட், நீங்கள் போடப்போகும் அதே தடிமனுக்கு வேண்டும். அடியடுக்கு, மேலடுக்கு தடிமன்களைத் தனித்தனியாக எழுதவும். மழைநீர் வடிவதற்கு எந்தப் பக்கம் சரிவு என்று குறிக்கவும். எத்தனை வருட உத்தரவாதம், அது நிறத்துக்கா, அதிர்ச்சி தாங்கும் தன்மைக்கா?"

"அதே தடிமனுக்கு" என்ற வார்த்தையை அடிக்கோடிடலாம். 75 மில்லிமீட்டர் தரைக்கு வாங்கிய ரிப்போர்ட்டைக் காட்டி 25 மில்லிமீட்டர் போடுவது சுலபம். உத்தரவாதக் கேள்வியும் சும்மா இல்லை. வெயில் பட்டுப் பட்டு ரப்பர் வருடத்துக்கு வருடம் இறுகும். நிறம் மங்காமல் இருக்கும் தரை, உள்ளுக்குள் கல்லாகியிருக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடத்திலேயே கருவி கொண்டுவந்து சோதித்துப் பார்க்க முடியும். அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், பின்னால் வாய்ச்சண்டை மிச்சம்.

மூவரில் ஒருவர் அன்றே ரிப்போர்ட்டை அனுப்புகிறார். விலை மற்றவர்களைவிடக் கூடுதல். இன்னொருவர் "டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்கிறார். மூன்றாமவர், வாக்கெடுப்பில் ஜெயித்த நீலக்காரர், திருப்பிக் கேட்கிறார்: "என்ன ரிப்போர்ட் சார்? யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே!"

பட்ஜெட் போதவில்லை. குழு மறுபடி கூடுகிறது. மங்கி பாரைக் கழற்றி விற்றுவிடலாம், ஊஞ்சலைத் தோட்டத்துப் பக்கம் மாற்றி அங்கே மணல் கொட்டலாம், சறுக்குமரத்தைச் சுற்றி மட்டும் 6 அடிக்கு ரப்பர் போடலாம் என்று பேச்சு போகிறது. "அப்போ நிழல்வலை?" என்று ஒரு பாட்டி கடைசி வரிசையிலிருந்து கேட்கிறார். அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.